மூன்று அந்தோனியார் படகுகள்

நிரல் எழுதும் தொழிலில் பாதி நேரம், கணினி நினைவகத்தில் நாமே வைத்த பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டு, கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொள்வதில் போகிறது. இதே கதிரையில் இருந்து அவதிப்படுகிறவர்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லப்போவதில்லை.

வாய் திறக்காத லைப்ரரி

வேலணையிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணத்து அலுவலகத்துக்குப் போகிறவள் நான். மண்டைதீவு மீனவர் சங்கத்துக்கு ஒரு நிரல் கேட்டார்கள். படகு புறப்படும்போது திரையில் ஒரு தட்டு, கரைக்கு வந்ததும் இன்னொரு தட்டு. எல்லாம் வந்துவிட்டால் திரை பச்சை. வராத படகு சிவப்பில் நிற்கும், அதைத் தேடி ஆட்கள் போவார்கள்.

படகுகளை நினைவகத்தில் வைக்க, யாரோ முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்பு ஒன்றை எடுத்தேன்; லைப்ரரி என்போம். பெயர் சொல்லிக் கொடுத்தால் வைத்துக்கொள்ளும், பெயர் சொல்லிக் கேட்டால் தரும். அதே பெயரில் இன்னொன்றைக் கொடுத்தால் பழையதை எறிந்துவிடும், மூச்சும் விடாது. எங்கள் வீட்டில் எல்லோரும் தோட்டக்காரர். கடலை நான் பஸ் யன்னலில் பார்ப்பதோடு சரி. இரண்டு படகுக்கு ஒரே பெயரை யார் வைப்பார்கள் என்று இருந்துவிட்டேன். குழுத் தலைவி சுகந்தி அக்கா மட்டும் கேட்டார்: "ஒரு பேரில ரெண்டு சாமான் வந்தா என்ன செய்யும் எண்டு பாத்தனீரோ?"

பச்சைத் திரை

வெள்ளோட்டக் காலையில் விடை கிடைத்தது. அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து வாங்கிய படகுகள் அங்கே மூன்று. மூன்றுக்கும் அந்தோனியார் என்றே பெயர். கடைசியாகப் பதிந்தது மட்டும் நினைவகத்தில் மிஞ்சியிருந்தது. அது கரைக்கு வந்ததும் திரை பச்சையானது. எல்லாரும் வந்தாச்சு என்று சங்கச் செயலாளர் அல்பிரட் அண்ணை கதவைப் பூட்டப் போனார்.

இன்னொரு அந்தோனியாரில் போனவரின் மனைவி ரீற்றா அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவருடைய கணவர் மத்தியானம்தான் வந்து சேர்ந்தார். வாசலில் ரீற்றா அக்கா என்னைக் கேட்டது இதுதான்: "என்ர மனுசன் இன்னும் வரேல்லை. உம்மட பெட்டி ஆரைப் பாத்து வந்திட்டார் எண்டு சொல்லுது?"

நம்பர் போட்ட புனிதர்

பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதலாமே என்றேன். பதிவு இலக்கம் படகில் இருக்கிறதுதான்; கரையில் ஒருவரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அல்பிரட் அண்ணை கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "நேர்த்திக்கு வைச்ச பேரில கை வைக்க ஏலாது பிள்ளை. உம்மட கொம்பியூட்டர் எங்களுக்கு ஏத்த மாதிரி நடக்கட்டும்."

விடுவதில்லை

அந்தப் பச்சை, ஆள் வராமலே வந்தாச்சு என்று சொன்ன பச்சை. சரியாக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். உள்ளே படகுகளைப் பதிவு இலக்கத்தில் வைத்தேன். வெளியே அந்தோனியார் என்று தேடினால் மூன்றையும் உரிமையாளர் பெயரோடு காட்டி, எது என்று கேட்க வைத்தேன். ஒரே இலக்கம் இரண்டாம் தரம் வந்தால் நிரல் அங்கேயே நின்று சத்தம் போடும்.

பிறகொரு காலை, எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அல்பிரட் அண்ணை சொன்ன பிறகும் திரை பச்சையாகவில்லை. சிவப்பில் ஓர் அந்தோனியார், பக்கத்தில் ரீற்றா அக்காவின் கணவர் பெயர். தேடிப் போனவர்கள், எஞ்சின் நின்று மிதந்துகொண்டிருந்த அவருடைய படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். ரீற்றா அக்கா என்னிடம் சொன்னார்: "போன முறை நான் தனியக் கத்தினனான். இண்டைக்கு உம்மட பெட்டியும் என்னோட நிண்டது."

பெயர் சொன்னதும் பொருளைத் தூக்கித் தருவது லைப்ரரியின் வேலை. எந்த அந்தோனியார் என்று அதைக் கேட்க வைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.