வெயிலுக்கு ஒளித்து வைத்த டாலியா

டாலியாச் செடியை யாரும் விற்கலாம். பூத்து ஓய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, அடுத்த நடவு வரை உயிரோடு வைத்திருப்பதுதான் நர்சரிக்காரன் பிழைப்பு. வீட்டில் கிழங்கு வைத்துத் தவித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எந்த ஊர்க் குளிர்?

ஹைதராபாத்தில் டாலியா குளிரில் பூக்கும். கிழங்கு தூங்குவது கோடையில். வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வரத் தொடங்கிய காலம். சைனிக்புரியில் என் நர்சரிக்குப் பக்கத்தில் குடிவந்த சாஃப்ட்வேர் கம்பெனி இளைஞர் அதில் எதையோ படித்துவிட்டு, டிசம்பரில் மொட்டும் பூவுமாக நின்ற ஆறு செடிகளைப் பிடுங்கி, கிழங்கைக் கழுவித் துடைத்துக் காரில் கொண்டுவந்தார். "குளிர் வந்தா எடுத்து வைக்கணுமாமே?" என்றார். அது பனி கொட்டும் ஊர்க்காரர்களுக்கு எழுதியது என்றேன்.

"எங்க ஆபீஸ் ஏசியில ஒரு நாள் வந்து உட்காருங்க அங்கிள், அப்புறம் பேசுங்க!"

ஒரே கொத்து

தார்நாகாவில் குடியிருந்த ஓய்வுபெற்ற விஞ்ஞானி விசுவநாதன், ஊட்டியிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் டாலியா வளர்த்தார். மார்ச்சில் கிழங்கை என்னிடம் ஒப்படைத்தபோது, "வேற கிழங்கு கிடையாது. போனா போனதுதான்" என்றார். நிழலில் உலர்த்தி, சாம்பல் பூசி, உலர்ந்த மணலோடு என் வீட்டு ஸ்டோர் ரூமில் ஒரு சாக்கில் வைத்தேன். போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து சர்க்கரைவள்ளி வந்த சாக்கு அது.

மே மாதம் ஒரு நாள் வீட்டுக்குப் போனால், தட்டில் அவித்த கிழங்கு. என் மனைவி சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவள்.

"என்ன சர்க்கரைவள்ளி வாங்கினீங்க? இனிப்பே இல்ல. பிள்ளைங்க நக்கோ, வேணாம்னு எழுந்து போயிடுச்சுங்க!"

கண்

சாக்கைக் கவிழ்த்தேன். குண்டுக் கிழங்குகளை மட்டும் ஒடித்து எடுத்திருந்தாள். தண்டோடு மூன்று ஒல்லிக் கிழங்குகள் மிச்சம். டாலியா முளைப்பது தண்டடியில் இருக்கும் கண்ணிலிருந்துதான். கண்ணில்லாத கிழங்கு எவ்வளவு குண்டாக இருந்தும் பயனில்லை. ஆனால் கண்ணுக்கு உயிர் இருக்கிறதா என்பது ஈரம் பட்டால்தான் தெரியும். விசுவநாதனிடம் போனில் உண்மையைச் சொன்னேன். "பார்ப்போம்" என்று வைத்துவிட்டார்.

ஆகஸ்டில் மணலை நனைத்தேன். பத்தாம் நாள் தண்டடியில் அரிசி அளவுக்கு இரண்டு முளைகள். சொன்னதும் ஸ்கூட்டரில் வந்தவர், மண்டியிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். நானும் விட்டேன். பிறகு, காபி கொண்டுவந்த என் மனைவியிடம் கேட்டார்:

"அதுக்கு எத்தனை விசில்ம்மா விட்டீங்க?"

இத்தனை வருஷத்தில் வெயிலால் எனக்கு ஒரு கிழங்குகூடச் சாகவில்லை. போனதெல்லாம் படித்தவர்களாலும் பசித்தவர்களாலும்தான்.