கேபிளில் பழுதில்லை

எங்கள் ஊர் வழக்கப்படி மகன்மார் மூவரும் கல்யாணம் முடித்துப் பெண்வீட்டோடு போய்விட்டார்கள். மனைவியும் மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகு சாய்ந்தமருது வீட்டில் நானும் டிவியும்தான் மிச்சம்.

மடிக்கணினியை டிவியில் இணைக்க ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினேன். படம் வரவில்லையென்று கடைக்காரரை இரண்டு தடவை வரவழைத்தேன். அவரும் என் சொல்லை நம்பி, ஒவ்வொரு தடவையும் இன்னும் திறமான கேபிளைப் பூட்டிவிட்டுப் போனார். மூன்றாம் தடவை டிவிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். கேபிள் கழன்று கிடந்தது. கழற்றி வைத்தவன் நான்தான்.

“முதல் வாங்கினதே போதும் காக்கா. மூணு கேபிளும் என்னத்துக்கு, உடுப்புக் காயப்போடவா?” என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தார்.

நான் குனிந்து கேபிள்களைச் சுருட்டத் தொடங்கினேன்.

“இனிமே தேத்தண்ணி குடிக்க வா எண்டு கூப்பிடுங்க. வருவன்.”

ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட ஏதாவது பழுதாக வேண்டும் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.