நீலக் கதவுக்குள் போனவர்

நான் வசிக்கும் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் பல் வைத்தியருக்காகக் காத்திருந்தபோது அந்தப் பெண்மணியைச் சந்தித்தேன். அறுபது வயதிருக்கும். வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடியே பேசினார். கிரேக்கத் தீவொன்றின் துறைமுக ஊருக்குப் போய் வந்திருந்தார். அங்கே ஒரு வீட்டில் சாப்பிட்டாராம். அதே ஊருக்குப் போய்வந்து நான் பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். என்னை ஒருவரும் வீட்டுக்கு அழைக்கவில்லை.

“உங்களை மட்டும் எப்பிடி அக்கா கூப்பிட்டவை?”

“வள்ளத்தில மீன் வாங்கினன், தம்பி. கறித்தூள் பெட்டியில கொண்டுபோனனான், அடுப்புத்தான் இல்லை. மீன் வித்த மனுசி தன்ர குசினிக்கே கூட்டிக்கொண்டு போனா. மகளின்ர கலியாணத்துக்கும் வரட்டாம். துறைமுகத்துக்கு முன்னால நீலக் கதவு வீடு. தெரியுமோ?”

தெரியாது என்றேன். என் கட்டுரையோடு வந்த படம் அந்தக் கதவுதான்.

பல்லைப் பிடுங்கிக்கொண்டு, பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தார். இன்றைக்கு இந்தக் கதையை அவரால் வேறு யாருக்கும் சொல்ல முடியாது என்பதில் எனக்குச் சிறு ஆறுதல்.