நாலுக்கு ஒன்று மிச்சம்

எனக்கு எழுபத்தாறு வயது. மூன்று மகன்கள், ஒரு மகள் என்று நான்கு பேரை வளர்த்தேன். இன்று மகன்கள் என் வீட்டை மூன்றாகப் பிரிக்க டேப் பிடித்து அளக்கிறார்கள். பேத்தி வீட்டுப்பாடத்தை உரக்கப் படித்தாள்.

"நாலு நாலா எண்ணுற நாலடிமானத்துல நாலுன்னா ஒண்ணு போட்டு ஒரு சைபர், ஆயா. பதினாறுன்னா ரெண்டு சைபர்."

சதுரங்கப்பட்டினக் கரையில் என் அம்மா அப்படித்தான் எண்ணுவாள். ஈர மணலில் கானாங்கெளுத்தி தப்தப்பென்று விழும். நாலு மீன் ஒரு கை. நாலு கை ஒரு குவியல். படகு அப்பாவுக்கும் இரண்டு சித்தப்பாக்களுக்கும் பொது. கையானாலும் குவியலானாலும் ஒரு மீனை ஒதுக்கினால் மீதி மூன்றாய்ச் சரியாகப் பிரியும். ஒதுக்கியதைத் தனியே வைப்பாள்.

சின்னச் சித்தப்பாவுக்குப் பொறுக்காது. "அது கெடக்கட்டும் அண்ணி, பங்கப் போடு."

"இன்னா அவசரம், அடுப்பு எரிஞ்சிகினு கீதா? ஒதுக்குனதையும் பிரிச்சாதான்டா கணக்கு முடியும்."

என் கையிலும் நாலு பேர். மூன்றாய்ப் பிரித்தால் ஒதுங்கி நிற்பவள் என் மகள். அவளைச் சேர்க்காமல் நான் பாகப் பத்திரத்தில் கைநாட்டு வைக்கமாட்டேன்.

நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா, கண்ணு? உங்கப்பன் காதுல வுழுற மாதிரி படி.