ஏரியை யாரும் கட்டுவதில்லை என்று நான் எழுதிய நாள்

ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை காயும்போது ஒரு வாசனை வரும். சாக்பீஸும் மண்ணும் சேர்ந்து நனைந்த மாதிரி...

ஒரகடத்தை அடுத்த வல்லம் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளியில் எனக்கு முதல் வேலை. இருபத்திரண்டு வயது. பட்டணத்தில் கான்வென்ட்டில் படித்தவள் என்ற கர்வம் நிறைய. (இப்போதும் அது முழுதாகக் குறைந்துவிடவில்லை. என்னை அறிந்தவர்கள் சிரிக்க வேண்டாம்.)

பள்ளி வராந்தாவில் ஒரு பலகை உண்டு. தினமும் காலையில் அதில் ஒரு செய்தி எழுதுவது என் பொறுப்பு. ஜன்னல், சாவி, அலமாரி எல்லாம் போர்ச்சுக்கீசியர் வழியாக நமக்கு வந்த சொற்கள் என்று ஒருநாள் எழுதினேன். மிளகாய் நம் ஊர்ப் பயிரே இல்லை, கப்பலேறி வந்தது என்று இன்னொரு நாள். அன்றைக்கு வாட்ச்மேன் என்னை வழிமறித்துக்கொண்டார்.

"அப்ப எங்க தாத்தனுக்குத் தாத்தன் கொழம்புல இன்னாத்தப் போட்டான் டீச்சரம்மா?"

"மிளகு."

"அடப்பாவமே... தெனமும் ரசமா?"

எழுதியதை அழித்துத் திருத்த வேண்டிய நிலை எனக்கு அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. அதில் எனக்குத் தனிப் பெருமை.

ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முன்னால், ஏழாம் வகுப்பு செல்வி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் விடுப்புக் கடிதம் கொண்டுவந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. காரணம் மட்டும்... 'ஏரி கட்டப் போனதால் வர இயலவில்லை.'

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பொய் சொல்வது ஒன்று, அதைத் தாளில் எழுதிக் கொடுப்பது இன்னொன்று.

"மெய்யாலுமே டீச்சர். ஏரி கட்டத்தான் போனேன்."

நான் படித்த ஆங்கிலப் பூகோளப் புத்தகத்தில் ஏரி என்றால் இயற்கையான நீர்நிலை. மலையும் பனியும் சூழ்ந்த படம்கூடப் போட்டிருந்தது. நேரே போய்ப் பலகையில் எழுதினேன்: 'ஏரி இயற்கை தந்தது. அதை யாரும் கட்டுவதில்லை.' மதியம் வரை செல்வியை அந்தப் பலகைக்குக் கீழேயே நிற்கவைத்தேன். பொய் சொன்னால் இதுதான் கதி என்று வகுப்புக்கும் சொன்னேன்.

முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஒருவரும் சிரிக்கவில்லை. பேசவும் இல்லை. பயந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் செல்வி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை ஜெபம் முடியும் நேரத்தில் அவள் அம்மா முனியம்மா வந்து நின்றாள். கைக்குழந்தை தோளில். கழனி வழியே நடந்து வந்ததில் கணுக்கால் வரை சேறு.

"டீச்சரம்மா, எம் பொண்ணு இனிமே வராது. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏன்?"

"பொய்க்காரின்னு போர்டுல எழுதிட்டீங்களே. நாலு பேரு பாக்க நிக்க வெச்சிட்டீங்க. எங்கூட்டுக்காரருக்குக் கால் ஒடிஞ்சி கெடக்குது. நான் இதைப் பெத்து ஒரு மாசங்கூட ஆவல. வூட்டுக்கு ஒரு ஆள் போயி கரைக்கு மண்ணு போடணும், போவலன்னா நம்ம கழனிக்குத் தண்ணி வுடமாட்டாங்க. அதான் அவ போனா."

"ஏரி... இயற்கையாக..." என்று இழுத்தேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தானா வந்த ஏரிக்கு மதகு எதுக்கு டீச்சரம்மா? அத்த யாரு வெச்சது?"



அன்று மாலை தனியாக நடந்துபோய்ப் பார்த்தேன். அதற்கு முன் எத்தனையோ முறை பஸ்ஸிலிருந்து பார்த்த ஏரிதான். மூன்று பக்கம் கரை. மேற்குப் பக்கம் திறப்பு, மழைத்தண்ணீர் உள்ளே வர. தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடக் கல்லில் மதகு. அதில் என்னால் படிக்க முடியாத பழைய எழுத்து. கரை முழுக்கப் புது மண், அதில் சின்னதும் பெரிதுமாகக் கால்தடங்கள். எந்தக் காலத்திலோ மனிதர்கள் கூடை கூடையாகக் கொட்டி எழுப்பியதை நான் ஒரு வரியில் இல்லாமல் ஆக்கியிருந்தேன்.

என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேருக்கும் அது தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

தலைமையாசிரியை மதரிடம் சொன்னேன். "துடைத்துவிடு, போதும். பிள்ளைகள் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டால் நாளைக்கு உன்னை மதிக்க மாட்டார்கள்" என்றார். இரவெல்லாம் அதுவும் நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் துடைத்தால் பலகை சுத்தமாகும்... செல்வி திரும்பி வருவாளா?

காலையில் எழுதினேன். 'நான் எழுதியது தவறு. நம் ஏரி மனிதர் கட்டியது. இன்றும் வீட்டுக்கு ஓர் ஆள் ஒரு நாள் உழைத்து அதைக் காக்கிறார்கள். செல்வி சொன்னது உண்மை.' கீழே என் கையெழுத்தையும் போட்டேன். வாட்ச்மேனை முனியம்மா வீட்டுக்கு அனுப்பிச் சொல்லச் சொன்னேன்.

பதினோரு மணிக்குச் செல்வி வந்தாள். பலகை முன்னால் நின்று இரண்டு முறை படித்தாள்.

"டீச்சர்..."

"என்ன?"

"ஒரு நாள் இல்ல டீச்சர். ரெண்டு நாளு."

சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன். அவளே திருத்தினாள்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, என்னைத் திருத்தும் வேலையை என் கணவர் எடுத்துக்கொண்டார். நாற்பது வருடம், அவர் இருந்தவரை. சாப்பிடும்போது நான் ஏதாவது சொல்வேன், அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் அகராதியோடு வருவார். "தப்பு, மேடம்." எனக்கு வரும் கோபம் இருக்கிறதே...

இப்போது அந்தக் கழனிகளில் கார் கம்பெனிகள். என் பேரன் ஒரகடத்தில் லைன் சூப்பர்வைசர், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறான். குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஒரு செய்தி போடுகிறேன். போன வாரம் ஒன்றைத் தப்பாகவே போட்டுவிட்டேன், மறதி. சாயங்காலம் நானே கண்டுபிடித்தேன். அதற்குள் பதினேழு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். "சூப்பர் பாட்டி" என்றான் பேரன்.

அன்று சாப்பாட்டில் பாதியில் எழுந்துபோக யாரும் இல்லை. நானே எழுந்துபோய் அகராதியை எடுத்துவந்து அவர் நாற்காலியின் மேல் வைத்தேன்.