ஜெயசீலி அக்கா கேட்ட தியேட்டர்

அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு பேனராக வந்தது. மூலக்குளம் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தவளக்குப்பத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். சாலைச் சந்திப்பில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனர். நடுவில் ஜெயசீலி அக்கா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. கீழே, "இருளிலே வாழ்ந்து ஒளியிலே கலந்தாய்".

அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. அக்கா ஒருநாளும் கறுப்புக் கண்ணாடி போட்டதில்லை. "எனுக்கு இன்னா வெயிலா அடிக்குது?" என்பார். பேனர் அடித்தவன் அதைக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறான். பார்வை இல்லாதவர் என்றால் கண்ணாடி இருந்தாக வேண்டும், இருளில் வாழ்ந்திருந்தாக வேண்டும். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், இரண்டு பக்கம் எழுது என்று அக்காவின் தோழி கேட்டார். எழுதுகிறேன். இதைப் படிக்கும் நீங்கள் எல்லோரும் அவரை அறிந்தவர்கள். பாகூர்ப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தவர், பிறவியிலேயே பார்வையற்றவர், ஒரு தனியார் கல்லூரியில் டெலிபோன் ஆபரேட்டர், நாற்பத்து மூன்று வயதில் மாரடைப்பில் போய்விட்டார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அவருக்கு ஒரு தியேட்டர் இருந்தது என்பதை மட்டும் உங்களில் பாதிப் பேர் ஒரு வேடிக்கையாகத்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் அவர் எங்கள் கடைக்கு வந்தார். ஆட்டோக்காரர் படிவரை கொண்டுவந்து விட்டார்.

"இன்னாபா, வூட்ல வைக்கிற மாதிரி தியேட்டர் கம்ப்யூட்டர் செஞ்சி தருவீங்களா? பதினஞ்சாயிரத்துக்குள்ள முடியணும்."

"யாருக்கும்மா?" என்றார் என் முதலாளி.

"எனுக்குத்தான்."

முதலாளி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சிரிப்பு வெளியே கேட்கவில்லை என்றுதான் நினைத்தோம்.

"மொதலாளி, சிரிக்கணும்னா வாய்விட்டு சிரிங்க. மூக்கால சிரிச்சா எனுக்கு இன்னும் நல்லா கேக்குது."

முதலாளி டீ குடிக்கப் போய்விட்டார். நான் டிப்ளமோ படித்தவன், கணக்காக யோசிக்கிறவன். உடனே ஒரு திட்டம் சொன்னேன். பட்ஜெட்டில் பெரிய பங்கை டிவிதான் தின்னும். அது இவருக்குத் தேவையில்லை. அதை எடுத்துவிட்டால் நல்ல ஸ்பீக்கராகவே வாங்கலாம். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

"டிவி வேணாம்க்கா. அந்தக் காசையும் ஸ்பீக்கர்ல போட்டுடலாம்."

"டிவி இல்லாத வூட்டுக்கு எவடா படம் பாக்க வருவா?" என்றார். "நான் ஒருத்தியா குந்திக்கினு கேக்கறதுக்கு ரேடியோ பத்தாதா? இவங்க எல்லாம் தியேட்டருக்குப் போறப்ப என்னை வூட்டுக்குக் காவல் வச்சிட்டுப் போறாங்க. வந்து கதை சொல்றாங்க. சிரிப்பு எல்லாம் அங்கயே தீந்து போச்சு. எனுக்கு நாலு பேரு சிரிக்கறப்ப கூட சேந்து சிரிக்கணும். அதுக்குத்தான் தியேட்டர்."

டிவி வேண்டாம் என்று சொல்லத் துணிந்த நானும் அந்தப் பேனர்க்காரனும் ஒரே ரகம்தான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, பட்ஜெட் உதைக்கிறதே என்று எரிச்சல்தான் பட்டேன்.

புதுசாக எதையும் வாங்க முடியாது. அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர்கள் எங்களிடம் வரும். படம் ஓட்ட அவை தாராளமாகப் போதும். சேமிக்கும் டிஸ்க்கை மாற்றி ஒரு எஸ்எஸ்டி போட்டால் வேகமும் வந்துவிடும். மூன்றை மேசையில் வைத்து ஓடவிட்டேன். அக்கா ஒவ்வொன்றின் மேலும் காதை வைத்தார். கிராபிக்ஸ் கார்டோடு இருந்த மூன்றாவதுதான் என் தேர்வு.

"இது வேணாம். இருமுது."

"கம்ப்யூட்டர் இருமாதுக்கா."

"உள்ள காத்தாடி இருமுது. படத்துல அழறப்ப இதுவும் கூட இருமும்."

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அடம் என்று நினைத்தேன். அதை வேறொருவருக்கு விற்றோம். இரண்டே மாதத்தில் ஃபேன் பேரிங் போய்த் திரும்ப வந்தது. அக்கா எடுத்துக்கொண்டது, இருந்ததிலேயே பழசு. சத்தமே இல்லாதது.

செகண்ட் ஹேண்ட் டிவி, அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், ஆறு சேனல் சவுண்ட் கார்டு. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அவருடைய அண்ணன் சவரி வாசலில் நின்று, "கண்ணு தெரியாதவளுக்கு எதுக்குபா இந்தக் கூத்து? நீங்களும் காசை வாங்கிக்கினு வந்துர்றீங்க" என்றார், தங்கைக்குக் கேட்கும்படியாகவே. கெட்ட மனிதர் இல்லை. இருபது வருடம் சோறு போட்டவர். ஆனால் சோறு போட்டால் போதும் என்று நினைத்தவர்.

ஒயர்களைப் பொருத்திப் படத்தை ஓடவிட்டேன். அறை அதிர்ந்தது. எனக்குத் திருப்தி. அக்கா முகத்தைச் சுளித்தார்.

"ஈரோ ஏன்டா எனுக்குப் பின்னாடி நின்னுக்கினு பேசறான்?"

"அது எஃபெக்ட்டுக்கா."

"எது எஃபெக்டு? அந்தப் பொண்ணு முன்னாடி அழுவுது, இவன் என் முதுகுக்குப் பின்னாடி சமாதானம் சொல்றான். ஒயரை மாத்தி சொருகியிருக்கே."

பார்த்தேன். ஆரஞ்சு ஓட்டையில் ஆரஞ்சு ஒயர், கறுப்பில் கறுப்பு. "கலர் எல்லாம் கரெக்டா இருக்குதுக்கா. நான் பாத்துதான் சொருகினேன்" என்று குரலை உயர்த்தினேன்.

"கலரை நீ வச்சிக்கோ மணி. எனுக்கு சத்தத்தை முன்னாடி கொண்டா."

கோபத்தோடு இரண்டையும் மாற்றிச் செருகினேன், தப்பு என்று நிரூபிப்பதற்காகவே. கதாநாயகன் டிவிக்குப் போய்விட்டான். ஆம்ப்ளிஃபையரை அசெம்பிள் செய்தவர் கையில் கிடைத்த நிறத்தில் ஒயரைப் பற்றவைத்திருக்கிறார். நான் நிறத்தை மட்டும் பார்த்தேன், கேட்கவே இல்லை. பார்வையற்ற ஒருவரிடம் "கலர் கரெக்டா இருக்குது" என்று சண்டை போட்ட ஒரே டெக்னீஷியன் இந்த வட்டாரத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

அடுத்த சண்டை மென்பொருளோடு. படங்களை அடுக்கிக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணுக்கு அழகு. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் அதன்மேல் போனால், "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. அவ்வளவுதான் சொன்னது. கோடிக்கணக்கில் கொட்டிச் செய்கிறார்கள், ஒரு பட்டனுக்குப் பேர் எழுதிவைக்கக் கையில் நோவு. கடைசியில் செயலியைத் தூக்கிப்போட்டுவிட்டு, வெறும் ஃபோல்டர்களாக வைத்துக் கொடுத்தேன். டிவிடிக் கடை ஒன்று மூடியபோது மொத்தமாக வாங்கிய படங்களை அக்காவே ஒவ்வொன்றாக ஏற்றினார். பெயர்களையும் அவரே தட்டச்சு செய்துகொண்டார்.

அதன்பிறகு ஞாயிறு மதியங்களில் அந்த வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பூசை முடிந்து, மீன்குழம்புச் சோறு தின்றுவிட்டு, தெருப் பெண்கள் எல்லாம் வந்து உட்காருவார்கள். ஜன்னலை அடைப்பது அக்காதான். திரையில் ஆள் வருவதற்கு முன்பே, "ஏய், லெஃப்ட்ல எவனோ செருப்பு போட்டுக்கினு வர்றான் பாரு" என்பார். வருவான். "உனுக்கு எப்படிடீ தெரியும்?" என்பாள் ஒருத்தி. "உனுக்குக் கண்ணு இருக்குது, அதான் தெரியல" என்பார் இவர். அறையே சிரிக்கும். அவரும் அதே நொடியில் சிரிப்பார். இதைத்தான் இருள் என்று பேனரில் எழுதியிருக்கிறார்கள்.

போன வாரம் சவரி அண்ணன் அந்தக் கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கிவந்தார். "பொண்ணு படிக்கறதுக்கு ஆவும். உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சிடு. அந்தப் படிக்கிற கொரலையும் எடுத்துடு. போட்டாலே அவ ஞாபகமா இருக்குது."

வாய்க்கு வந்ததைக் கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குப் பதில் ஸ்பீக்கரை மாட்டி, மெஷினைப் போட்டு, படங்கள் இருந்த இடத்தைத் திறந்து, அம்புக்குறிப் பட்டனை ஒவ்வொரு தடவையாக அழுத்தினேன். அந்த இயந்திரக் குரல் எந்த உணர்ச்சியும் இல்லாமல் ஃபோல்டர் பெயர்களைப் படித்தது.

"மழை நல்லா பேயற படம்."

"ரயில் முதுகுல ஏர்ற படம்."

"எதிர் வூட்டுக்காரி அழுதுட்டு இல்லன்னு சொன்ன படம்."

"அண்ணன் வாசப்படில நின்னு சிரிச்ச படம்."

சவரி அண்ணன் அந்த அறைக்குள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் நிக்கறது அவளுக்குத் தெரியுமாபா?"

"தெரிஞ்சிருக்குது அண்ணே."

"எத்தினி படம் இருக்குது அதுல?"

எண்ணிச் சொன்னேன். பதினேழு. "அழிக்காத" என்றார் அவர். பெண்ணின் படிப்புக்கு வேறொரு எஸ்எஸ்டி போட்டுத் தந்தேன். படங்கள் இருந்த பழையதைத் துண்டில் சுற்றி இடுப்போடு வைத்துக்கொண்டு போனார்.

அதற்கு முன் அதிலிருந்து ஒரு ஃபோல்டரை மட்டும் அவர் அனுமதியோடு நான் எடுத்துக்கொண்டேன். பட்டியலில் கடைசியாக இருந்தது. "மணி வாய மூடிக்கினு இருந்தா போடற படம்."

நியாயம்தான். அந்த அறையில் உட்கார்ந்தால் நான் அக்காவின் காதுக்குப் பக்கத்தில் ஓயாமல் பேசுவேன். இப்போது கதவு திறக்குதுக்கா, இப்போது அவன் பார்க்கிறான்க்கா என்று. உதவி செய்வதாக நினைப்பு. அவர் என்னிடம் அதைக் கேட்டதேயில்லை. ஒரு தடவைகூட நிறுத்தச் சொல்லவுமில்லை. நான் பேசாமல் இருக்கும் நாளில் போட வேண்டிய படங்களைத் தனியே எடுத்துவைத்துவிட்டார்.

ஒன்பது படங்கள். இரண்டைப் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை, அக்கா.