சித்தப்பா குளம்

கிரிவலப் பாதையை ஒட்டிய பழைய குளங்கள்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. நூலகத்தில் தேடினால் நாலு பக்கம் தேறாது. அதனால் முகநூலில் ஒரு குழு தொடங்கி, உங்க ஊர்க் குளத்தைப் பத்திச் சொல்லுங்க என்று எழுதினேன். எழுதியதுதான் தாமதம், பௌர்ணமிக் கூட்டம் மாதிரி ஜனம் குவிந்தது. கீழ்பென்னாத்தூர் ஆசிரியர் ஒருவர் படிக்கட்டுகளை எண்ணி அனுப்பினார். துபாயில் வேலை பார்ப்பவர் ஒருவர் தன் அப்பாவிடம் போனில் கேட்டு, மதகு உடைந்த கதையைச் சொல்லி அனுப்பினார். நான் தனியாக மூன்று வருஷம் அலைந்தாலும் கிடைக்காதது, மூன்றே மாதத்தில் வந்தது.

அப்படி வந்தவள்தான் அவளும். வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. அக்கா அக்கா என்று உருகுவாள். நானும் நம்பி அவளைக் குழுவின் இன்னொரு நிர்வாகியாக்கினேன். என் குறிப்புகள், படங்கள் எல்லாம் அந்தக் குழுவில்தான் இருந்தன. எனக்கு அவ்வளவுதான் புத்தி.

போன மாதம் என் பேராசிரியர் கூப்பிட்டு, அவளுடைய ஆய்வேட்டை மேசைமேல் போட்டார். என் குளங்கள், என் வரிசை, என் வரிகள்.

"உன்னுதுல பாதி இதுல இருக்கு. யாரைப் பாத்து யாரும்மா எழுதுனீங்க?"

குழுவைத் திறந்து காட்டலாம் என்று போனை எடுத்தால், நான் அதில் இல்லை. நான் தொடங்கிய குழுவிலிருந்து என்னையே நீக்கியிருந்தாள், படுபாவி.

ஆத்திரத்தோடு பக்கங்களைப் புரட்டியபோது ஓரிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. 'சித்தப்பா குளம்: குறுநில மன்னனின் சித்தப்பா வெட்டியதால் வந்த பெயர்.' அடி அண்ணாமலையில் எங்கள் நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குளம் அது. ஊரில் அதற்குப் பெயரே கிடையாது. என் சித்தப்பா கல்யாணமான புதிதில், மாமனார் வாங்கிக் கொடுத்த வண்டியோடு அதில் விழுந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பெயர். பழக்கதோஷத்தில் நான்தான் படத்துக்குக் கீழே அப்படி எழுதியிருந்தேன். மன்னன் கதை அவள் கைச்சரக்கு.

நான் சொன்னதைப் பேராசிரியர் கேட்டுவிட்டு, பெயர் வந்த கதையைச் சித்தப்பா கைப்பட எழுதிக் கொடுத்தால் போதும், யார் திருடியது என்பதற்கு அதுவே சாட்சி, பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடலாம் என்றார்.

வெள்ளைத் தாளும் பேனாவுமாகச் சித்தப்பா வீட்டுக்கு ஓடினேன். அவள் எழுதியதை யாரோ ஊர் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். அவர் அதைத்தான் புது மருமகனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். என் நாலு வருஷ உழைப்பு அவர் ஒரு வார்த்தையில் இருக்கிறது என்று கெஞ்சினேன். முழுக்கக் கேட்டார்.

"ராஜா வூட்டுக் கொளம்னு ஊரே சொல்லுது. நான் எங்கம்மா வுழுந்தேன்?"

மருமகன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்தேன். அவளாவது எங்கிருந்தோ வந்தவள். இவர் தோளில் உட்கார்ந்துதான் நான் தேர் பார்த்தேன்.